இடுக்கிக்கு வந்த குரல்

"சத்தம் வரலைன்னா என்ன அர்த்தம், பொன்னுராஜ்?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம், டாக்டரம்மா. அறுந்தாத்தான கத்தணும்."

"அறுந்து போறதுக்கு இது என்ன உங்க மில்லு நூலா? ஆட்டுப் பித்தப்பை கிழிஞ்சு சேலை பூரா பச்சையாக் கெடக்கு. கிழியுற வரைக்கும் உங்க மெஷின் வாயத் தொறக்கல."

திரைக்கு இந்தப் பக்கம் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் கேட்டபடி படுத்திருந்தேன். 1996. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் கிருபாபாயின் சின்ன ஆஸ்பத்திரி. பொன்னுராஜ் என் வீட்டுக்காரர், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். நான் வேலுத்தாய், அதே மில்லில் கோன் வைண்டிங், அதாவது நூலைக் கூம்பில் சுற்றும் வேலை. என் பித்தப்பையில் கல்.

வயிற்றைக் கிழித்து எடுத்தால் மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது. வைண்டிங்கில் என் இடத்தில் வேறு ஆள் வந்து நின்றுவிடும். சின்ன ஓட்டைகள் போட்டு, நீளமான இடுக்கியை விட்டு எடுத்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம். மதுரையில் அதைக் கற்று வந்திருந்தும் டாக்டர் தயங்கினார். கேமராவை விட்டால் டிவியில் உள்ளே இருப்பது தெரிகிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று மட்டும் கைக்குத் தெரியவில்லை என்றார்.

"கம்பளிக்குள்ள கைய விட்டுட்டுப் பூவத் தொடுத மாதிரி இருக்கு, வேலுத்தாய்."

அதைக் கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்காரர், எலக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கும் நகம் அளவுத் தகடு ஒன்றைக் கழற்றி இடுக்கியின் கைப்பிடியில் ஒட்டினார். அழுத்தினால் தகடு துளியூண்டு வளையும், கரண்ட் மாறும், மீட்டரில் முள் அசையும், ஸ்பீக்கரில் ஓசையாகும். ஆனால் மில்லில் இழை அறுந்து தளர்ந்தால்தான் கோளாறு. அந்தப் பழக்கத்தில், பிடி தளர்ந்தால் கத்தும்படி வைத்துவிட்டார். சத்தம் இல்லையே என்று, பழகிப் பார்க்க வைத்திருந்த ஆட்டுப் பித்தப்பையை டாக்டர் இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

"சண்டைய செத்த நேரம் நிறுத்துங்க. இங்க ஒருத்தி வலியில கெடக்கேன்" என்றேன்.

இவர் அதை மாற்றி அமைத்தார். இறுக இறுக ஓசை ஏறும். கறிக்கடையிலிருந்து வரும் குடலையும் பித்தப்பையையும் வைத்துச் சாயங்காலங்களில் டாக்டர் பழகினார். மெல்லப் பிடித்தால் தூரத்து வண்டு போல முனகும். படுக்கையில் அதைக் கேட்டுக் கேட்டு, யாரோ எனக்குள் உட்கார்ந்து மிருதுவாக நூல் சுற்றுவதுபோல் கண் சொக்கும்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது டாக்டர் கையை விரித்தார்.

"இத உள்ள விட மாட்டேன். கிருமி போக மருந்துத் தண்ணியில ஊறப்போட்டா இந்த ஒட்டு நிக்காது."

"பொறவு எதுக்கு இம்புட்டு நாளு வேலை வாங்குனீங்க?"

டாக்டர் இடுக்கியைக் கையில் எடுத்தார். ஸ்பீக்கரைப் பிடுங்கச் சொன்னார். மீட்டரை மட்டும், முள் தன் கண்ணுக்குத் தெரியாதபடி, இவர் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளச் சொன்னார். புதிதாக வந்த ஒரு பித்தப்பையை இடுக்கியால் பிடித்தார். வாய்க்குள்ளேயே முனகினார். பிடி இறுகியபோது முனகலை ஏற்றினார், தளர்ந்தபோது இறக்கினார். இவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு என்ன சொல்லுது?"

"நீங்க பாடுததத்தான் சொல்லுது, டாக்டரம்மா" என்றார் இவர். குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "கிழிக்கணும்னு உள்ள போனப்பொறவு தோணுச்சுன்னா கிழிச்சிருவேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

மயக்க ஊசி ஏறியதும் நான் மில்லில் இருந்தேன். ஆளே இல்லை. பஞ்சு மழைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. என் விலாவிலிருந்து ஓர் இழை போய்க்கொண்டே இருந்தது. வலிக்கவில்லை. இழையோடு ஒரு முனகல், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கண் விழித்ததும் வயிற்றைத் தடவினேன். சின்னச் சின்னதாக நாலு பிளாஸ்திரி, அவ்வளவுதான். அடுத்த மாதமே வைண்டிங்கில் என் இடத்தில் நின்றேன்.

டாக்டர் உள்ளே முழு நேரமும் முனகிக்கொண்டே இருந்ததாக நர்ஸ் மாரியாத்தாள் சொன்னாள். மயக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது என்கிறார்கள். எனக்குக் கேட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு அப்படி ஏதாவது கேட்டதுண்டா என்று கீழே எழுதுங்கள்.