இரண்டு ஃபிளாஸ்க் தெளிவு

என் கணவர் சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்க ஆரம்பித்தது 2003 ஆவணியில். கதவு திறந்தேதான் கிடக்கும். ஆனாலும் தட்டுவார். செருப்பை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, "வரலாமோ?" என்பார்.

முதல் நாள் விளையாட்டு என்று நினைத்து, "வாங்கோ வாங்கோ, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று நானும் கேட்டு வைத்தேன். "சௌக்கியம்" என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அந்த நுனியை விட்டுப் பின்னால் நகரவே இல்லை.

பெயர் நாகேஸ்வரன். திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசர். ஒரு கமா தப்பினால் ஃபைலையே திருப்பி அனுப்புகிற மனுஷர். எங்கள் ஒரே பெண் ஜானவி வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு கரமனை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தர் விருந்தாளி ஆகிவிட்டால் மிச்சம் இருப்பவள் என்ன செய்வாள்? தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டார். சாப்பிட்டு எழுந்ததும் "ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்" என்றார். சீதே, சீதே என்று ஏவிக்கொண்டிருந்தவர் என்னை 'நீங்கோ' போட்டுப் பேசினார்.

திட்டவாவது செய்யட்டும் என்று ஒரு நாள் காபியில் சர்க்கரையே போடாமல் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "மாமி, காபி பிரமாதம்" என்றார். தாலி கட்டின மனுஷர் என்னை மாமி என்கிறார். டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே இருந்து கதவைத் தட்டி, "ஏதாவது தொந்தரவா மாமி?" என்று விசாரித்தார்.

அந்த வாரமே பையில் வேஷ்டிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார். தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை பார்த்திருக்கிறாராம். ஒண்ணாம் தேதி போய்விடுவாராம். "விருந்தாளியா வந்தவன் ரொம்ப நாள் தங்கப்படாது, இல்லையோ?" என்றார். விளையாட்டே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் ஆபீசில் சுசீலாபாய் என்று ஒருத்தி. அவள்தான் ரோஸைப் பற்றிச் சொன்னாள். ரோஸ் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவள். ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக் கடைக்கு மேலே அவள் கிளினிக். மாடிப்படி ஏறி வருகிற அத்தனை பேரும் கண்ணில் ஜலத்தோடுதான் வருவார்கள். யார் துக்கத்தில் அழுகிறார்கள், யார் மிளகாயில் அழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே அவள் தனியாகப் படித்திருக்க வேண்டும்.

கட்டிலில் படுக்க வைப்பாள், கண்ணுக்கு நேரே எதையாவது ஆட்டுவாள், இல்லாவிட்டால் கரண்ட் வைப்பாள் என்றெல்லாம் நினைத்துப் போனேன். மூன்று நாற்காலியும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தன. ரோஸ் பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், படிப்பெல்லாம் மலையாளம். நாங்கள் தமிழ்க்காரர்கள் என்று தெரிந்ததும் எங்களுக்காகத் தமிழிலேயே பேசினாள். வினையே அதில்தான் ஆரம்பித்தது.

"சாரே, இங்க மாத்திரை ஒண்ணும் கிடையாது. எட்டு தடவை வந்தா போதும். மனசுல ஒரு சிந்தை வரும், நாம அப்படியே நம்பிடுவோம். அது உள்ளதா, இல்லாததாண்ணு பரீட்சிச்சுப் பாக்கணும். அதாக்கும் இந்தச் சிகிச்சை. வீட்டில செய்ய ஹோம்வொர்க்கும் உண்டு. சொல்லுங்க, சாருக்கு என்ன சிந்தை?"

"இந்த மாமியோட ஆத்துல நான் விருந்தாளி. அவாளுக்கு நான் வேண்டாம்" என்றார் அவர், மிகவும் மரியாதையாக. மிளகாய் நெடி அப்போது பார்த்து மேலே வந்தது சௌகரியமாகப் போயிற்று. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நூறுக்கு எத்தனை நம்புறீங்க?"

"நூறு."

"செரி. அடுத்த சனிக்கிழமை தெளிவு கொண்டு வரணும். ரெண்டு பக்கத்துக்கும் வேணும், தனித்தனியா. ஒண்ணோட ஒண்ணு கலக்கிடாதீங்க. வெளிய யாருகிட்டயும் கேக்கண்டாம், வீட்டில உள்ளதிலருந்தே எடுங்க. அக்கா, நீங்களும் சகாயிக்கணும்."

நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் தெளிவு என்றால் ஒன்றே ஒன்றுதான். ரசம் கொதித்து இறங்கினதும் பருப்பெல்லாம் மண்டியாக அடியில் தங்கும். மேலே கண்ணாடி மாதிரி நிற்பது தெளிவு. டாக்டர்கள் ரத்தம் கேட்கிறார்கள், என்னென்னவோ கேட்கிறார்கள், இவள் ரசம் கேட்கிறாள். மனசுக் கோளாறெல்லாம் வயிற்றில்தானே பிடிக்கிறது, படித்தவள் காரணம் இல்லாமலா கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ரெண்டு பக்கம் என்றதுதான் கொஞ்சம் குழப்பியது. அதற்கும் தக்காளி ரசம் ஒன்று, மிளகு ரசம் ஒன்று என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை இரண்டையும் வைத்து, மண்டி கலங்காமல் மேலாகக் கரண்டியால் எடுத்து, இரண்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றினேன். பஸ்ஸில் ஒவ்வொரு பிரேக்குக்கும் என் உயிர் போய் உயிர் வந்தது. "ஒண்ணை நான் பிடிச்சுக்கட்டுமா மாமி?" என்று அவர் வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஒண்ணாம் தேதி, அவர் லாட்ஜுக்குக் கிளம்புகிற நாள்.

ரோஸின் மேஜையில் இரண்டையும் வைத்து, "இது தக்காளி, இது மிளகு. கலக்கவே இல்லை" என்றேன்.

அவள் மூடியைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். "அக்கா, இது என்ன?"

"தெளிவு. நீங்கதானே கேட்டேள்?"

அவள் மூடியைத் திரும்ப வைத்தாள். "அய்யோ அக்கா, நான் சொன்னது மலையாளத் தெளிவு. எவிடன்ஸ். போலீஸ்காரன் கோர்ட்டில கொடுப்பானே, அது. சாருக்கு அப்படித் தோணுறதுக்கு என்ன தெளிவு, இல்லைங்கறதுக்கு என்ன தெளிவு, அதாக்கும் கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அந்தத் தெளிவா! மலையாளத்துல சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமே. ஜென்மம் பூரா திருவனந்தபுரத்துல இருக்கோம், எங்களுக்கு மலையாளம் தெரியாதா? எதுக்குத் தமிழ்ல சொல்லணும்?"

"உங்களுக்கு வேண்டித்தானே அக்கா தமிழ் பேசினேன்" என்றாள் பாவம்.

அப்போது என் கணவர் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், தப்பு ஒண்ணும் நடக்கலை. எவிடன்ஸ் இதுதான்" என்று ஃபிளாஸ்க்கைக் காட்டினார்.

நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். ஃபைலைப் படிக்கிற குரலில் நிதானமாகச் சொன்னார். "எங்காத்துல, பூர்வீகத் திருநெல்வேலிக்காராளுக்கு, ஒரு வழக்கம் உண்டு. ஆத்து மனுஷாளுக்கு ரசத்தை அடியோட கலக்கி மண்டியும் சேர்த்து விடுவா. விருந்தாளி வந்தா மட்டும் மேலாப்ல தெளிவு எடுத்து விடுவா. கல்யாணம் ஆன அன்னிலேர்ந்து இந்த மாமி எனக்குத் தெளிவு மட்டுமாக்கும் விடறா."

"சார் ஒரு தடவையும் கேக்கல்லையா?"

"விருந்தாளி எப்படிக் கேக்கறது?" என்றார். பிறகு, "ஜானவிக்கும் தெளிவுதான் விட்டா. அவ போயிட்டா. இனி என் முறைதானே" என்றார்.

இந்த மனுஷர் இத்தனை வருஷமாக இலையில் உட்கார்ந்து இதையா யோசித்துக்கொண்டிருந்தார்? இதற்குப் போயா லாட்ஜ்?

"அக்கா, சார் சொன்னது ஒரு காரணம். வேற காரணம் உண்டா?" என்று ரோஸ் என் பக்கம் திரும்பினாள்.

"மரியாதைதான். எங்க பூர்வீகம் தஞ்சாவூர், அங்கே ஆம்படையானுக்குத்தான் முதல் தெளிவு" என்றேன்.

"அது மட்டும்தானா?" ரோஸ் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. "இல்லை" என்றேன். "எனக்கு மண்டி பிடிக்கும். பருப்பு, பெருங்காயம், ருசி எல்லாம் அடியிலதானே இருக்கு. தெளிவை இவாளுக்கு விட்டுட்டா மண்டி எனக்கு மிஞ்சும். அதுக்காக்கும்."

மாதக்கணக்கில் ஜன்னலையும் சுவரையும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் நேராக என் முகத்தைப் பார்த்தார். "வேணும்னேயா?"

"வேணும்னேதான்."

பெரிய ஊழலை ஃபைலில் பிடித்துவிட்டவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், இப்ப நூறுக்கு எத்தனை?" என்றாள் ரோஸ்.

இரண்டு ஃபிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அறுபது."

"நல்ல குறைவு."

"லாட்ஜுக்குப் போக அறுபது போதும்" என்றார் அவர்.

ரோஸ் சளைக்கவில்லை. ஹோம்வொர்க் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் ரசத்தை அடியோடு கலக்கி அவருக்கு விட வேண்டும், என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் படி இறங்கும்போது அவள் மிளகு ரசத்தை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் முன்னால் போய் உள்ளே நுழைந்தேன். அவர் வெளியே நின்று தட்டினார். "வாங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல?

இலை போட்டுவிட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் கலக்குவதற்கு ஒன்றுமே இல்லை. தெளிவெல்லாம் ஆரியசாலைக்குப் போய்விட்டது. இரண்டு பாத்திரத்திலும் மண்டி மட்டும்தான் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, வெந்நீர் விட்டு விளாவி, ஒரு துளிகூட எனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அவர் சாதத்தில் கவிழ்த்தேன். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தப் பெருங்காய வாசனையிலேயே நாக்கில் ஜலம் ஊறியது.

அவர் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். மூலையில் அந்தப் பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. இரண்டாவது வாய். 'பிரமாதம் மாமி' என்று சொன்னால் பையை நானே தெருவில் எறிந்துவிட்டுக் கூடவே நானும் போய்விடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் முகத்தைச் சுளித்தார்.

"உப்பு இல்லை" என்றார்.

நான் சுவரை விட்டு நிமிர்ந்தேன்.

"வெந்நீரைக் கொட்டினா போருமா? உப்புப் போட வேண்டாமா? மண்டியாம் மண்டி. இதையா இத்தனை வருஷமா ஒளிச்சு ஒளிச்சுத் தின்னே?"

உலகத்தில் எந்த விருந்தாளியும் இப்படிப் பேசமாட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கீழே மிளகாய்க் கடை இல்லை, அதனால் சாக்குச் சொல்லவும் வழியில்லை. "உப்பு வேணும்னா எழுந்து போய் எடுத்துக்கோங்கோ. எனக்குக் கால் வலிக்கறது" என்றேன்.

எச்சில் கையோடு எழுந்தார். அடுப்பங்கரை வாசலில் வந்து கதவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவருடைய எச்சில் கையை அவரே பார்த்தார். பிறகு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். டப்பா டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சீதே" என்று உள்ளே இருந்து கத்தினார். "உப்பை எங்கே கொண்டுபோய் வெச்சே?"