மன்னரின் பாடசாலை

என் நாத்தனாருக்கு நானும் என் கணவரும் வைத்திருக்கும் பெயர் நட்சத்திரம். ஒரு டீ குடிக்க வேண்டுமென்றாலும் அந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். மூன்று நாள் விடுமுறைக்கு இந்தக் கடலோர ஊரைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். இரண்டாம் நாள் காலை, வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பஞ்சாயத்தைத் தொடங்கினாள்.

"அரண்மனை. பஸ்ஸுல ரெண்டு மணி நேரம். உள்ள போக டிக்கெட் தனி, கூட வந்து விளக்கிச் சொல்றவருக்கு டிக்கெட் தனி. மூணு பேருக்கு ஆகுற காசுல ஒரு நல்ல மிக்ஸி வாங்கலாம்ண்ணா."

"மிக்ஸிதான் இருக்கே," என்றார் என் கணவர். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர் அவர். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ள மாட்டார்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அரண்மனை என்ற சொல் காதில் விழுந்ததும் குழாயை மூடினேன். ஆனால் திரும்பவில்லை.

அந்த அரண்மனைக்குள் நான் காலடி வைத்ததில்லை. ஆனால் அதன் இருபத்தாறு அறைகளும் எனக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் விளக்கத்தைத் தமிழில் எழுதியவள் நான். படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் எழுதினேன். அதைப் பேசிப் பதிவு செய்தவருக்கு நான் வைத்த பெயர் குரலார். ரேடியோவில் சோப்பு விளம்பரம் முதல் தேர்தல் அறிவிப்பு வரை எல்லாவற்றுக்கும் அந்தக் குரல்தான். ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் போனிலேயே நடந்தது.

மன்னர் தூங்கும் அறைக்கு நான் எழுதிய வரி இது: "இது மன்னரின் பள்ளியறை. இரவில் அரசியைத் தவிர வேறு யாருக்கும் இங்கே அனுமதி இல்லை." பள்ளி என்றால் பழைய தமிழில் படுக்கை. குரலாருக்குப் பள்ளி என்றால் பள்ளிக்கூடம். எளிமையாக இருக்கட்டும் என்று மாற்றிப் பதிவு செய்துவிட்டார்: "இது மன்னரின் பாடசாலை. இரவில் அரசியைத் தவிர வேறு யாருக்கும் இங்கே அனுமதி இல்லை."

ஊரே சிரித்தது. காணொளி பரவியது. அரண்மனை அலுவலகம் விளக்கம் கேட்டபோது, எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தேன் என்று சாதித்துவிட்டார். மாற்றிவிட்டதாக அவரே எனக்கு அனுப்பிய குரல்செய்தியை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மூன்று வருடமாக எனக்கு எழுதும் வேலை யாரும் தருவதில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைத்தான் மொழிபெயர்க்கிறேன். அதை யாரும் படிப்பதில்லை, அதனால் திட்டவும் ஆளில்லை.

நட்சத்திரமும் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீடுகளில், "கொஞ்ச நேரம் பாடசாலைக்குப் போய்ப் படுத்துட்டு வரேன் அண்ணி" என்பாள். நாலு பேர் சிரிப்பார்கள். அவளுக்கு அந்தக் குரல்செய்தியை நான் போட்டுக் காட்டியதே இல்லை. என்னை நம்பாதவளிடம் சாட்சி காட்டிக்கொண்டு நிற்க எனக்கென்ன தலையெழுத்தா?

"நாலரை நட்சத்திரம், தினம் மூணு காட்சி," என்று அவள் வாசித்தாள். "கேளுங்கண்ணா, ஒருத்தர் எழுதியிருக்காரு. ‘கொடுத்த காசு போனதே தெரியல. கூட வர்றவர் அந்தப் பிரபலமான குரல்காரர். படுக்கை அறையில ஒரு ஜோக் சொல்வாரு, வயிறு வலிக்கும். யாரோ ஒரு அரைகுறை அம்மா அந்தக் காலத்துல தப்பா எழுதிக் கொடுத்த வரியை அட்டையில வச்சிருக்காரு. கூட்டத்துல ஒரு ஆள்கிட்ட மைக்கைக் கொடுத்து வாசிக்கச் சொல்...’"

பாதியில் நிறுத்திவிட்டாள். என் கணவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

ஆக, என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் அந்த மண்ணிலேயே பயிர் செய்து தின்கிறான். தினம் மூன்று காட்சி. எனக்குக் காதுமடல் வரை சூடேறியது.

"வேண்டாம் அண்ணி," என்றாள் நட்சத்திரம். "கடலுக்கே போவோம். கடல் ஓசி."

"அரண்மனைக்குப் போறோம். டிக்கெட் நான் எடுக்கிறேன்."

"கோபத்துல செலவு பண்ணாதே," என்றார் கணவர். "இருக்கிறது இன்னும் ரெண்டு நாள். சந்தோஷமா இருந்துட்டுப் போவோமே."

"சந்தோஷமாத்தான் இருக்கப்போறேன்," என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் குரல்செய்தியை இரண்டு முறை காதோடு வைத்துக் கேட்டேன். சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்தேன். பறிபோன வேலை திரும்பி வராது, அது எனக்குத் தெரியும். அந்த வரி என்னுடையது இல்லை என்று நாலு பேர் கேட்க அவன் வாயாலேயே வர வேண்டும். அதற்குத்தான் போனேன்.

ஆள் நான் நினைத்ததைவிடக் குள்ளம். பட்டு ஜிப்பா, சாயம் போட்ட மீசை. முப்பது பேர் காதிலும் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டார்கள். அவர் கையிலிருந்த மைக்கில் பேசுவது நேராகக் காதுக்குள் விழுந்தது. நல்ல குரல்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அறையிலும் அந்தக் குரலில் வந்தது என் வாக்கியம். "இந்தத் தூண்களுக்கு நிழல் ஒன்றுதான் ஓய்வு" என்று அவர் சொன்னபோது ஒரு பெண் "ஆகா" என்றாள். அந்தத் தூணுக்காக நான் ஒரு வாரம் தூங்காமல் கிடந்தது எனக்குத்தானே தெரியும்.

பதினெட்டாவது அறை. சிவப்புக் கயிற்றுக்கு அப்பால் நான்கு பேர் படுக்கும் அளவுக்குக் கட்டில். குரலார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இந்த அறைக்கு ஒரு கதை உண்டு. முன்னாடி ஒரு அம்மா, தமிழ் நமக்கு எட்டாதுன்னு தெரியாம, எட்டிப் பார்த்துட்டாங்க." சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். "என் வாயால சொன்னா பாவம். யாராவது வந்து வாசிங்களேன்."

கணவர் என் முழங்கையைப் பிடித்தார். உதறிவிட்டு முன்னால் போனேன்.

"அட, ஒரு அம்மாவே வந்துட்டாங்க! கைதட்டுங்க."

தட்டினார்கள். மைக்கையும் அட்டையையும் என் கையில் கொடுத்தார். அட்டையைச் சிவப்புக் கயிற்றில் செருகிவிட்டு, மைக்கோடு போனைச் சேர்த்துப் பிடித்துக் குரல்செய்தியை ஓடவிட்டேன். முப்பது காதுக்குள்ளும் அதே குரல் இறங்கியது.

"அம்மா, வணக்கம். ஒரு சின்ன விஷயம். பள்ளியறைன்னு எழுதியிருக்கீங்க. பள்ளின்னா ஸ்கூல்தானே, அதான் நான் அழகா பாடசாலைன்னு மாத்திப் பேசிட்டேன். ராஜாவும் படிச்சிருப்பாருல்ல! மத்தபடி உங்க எழுத்துல கை வைக்க இடமே இல்லைம்மா."

"அன்னைக்கே பதில் போட்டேன்," என்று மைக்கில் சொன்னேன். "அது தூங்குற அறை, மாத்தாதீங்கன்னு. ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாரு. அந்த அரைகுறை அம்மா நான்தான்."

தவளை தன் வாயால் கெடும் என்பதை அதுவரை கேட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். ஒரு குழந்தை மட்டும், "அம்மா, இது அந்த மாமா குரல்தானே?" என்று கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. இந்த முறை அது என்னைப் பார்த்து இல்லை.

குரலார் என் பக்கத்தில் வந்தார். மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவுதானா என்றிருந்தது.

"அம்மா, தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சிடுங்க. வெளியில போய்ப் பேசிக்கலாம், வாங்க."

மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"இதுல சொல்லுங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற காவலரைப் பார்த்தார். அந்தக் காவலரும் காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இந்த அம்மா எழுதினது சரி," என்றார் குரலார். "பள்ளியறைன்னா படுக்கையறை. மாத்தினது நான். பழியை அவங்க மேல போட்டதும் நான்."

பழி தீர்த்தால் மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது. மீதி எட்டு அறைகளையும் முன்வரிசையில் நின்று நிதானமாகப் பார்த்தேன். அவர் என் வாக்கியங்களைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

வெளியே வந்தபோது நட்சத்திரத்தைக் காணவில்லை. பதினெட்டாவது அறையிலிருந்தே அவள் எங்களோடு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவமானம் தாங்காமல் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருப்பாள் என்று கணவர் சொன்னார்.

டிக்கெட் கவுன்டர் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"இத்தனை நாளா ஏன் அண்ணி எனக்குப் போட்டுக் காட்டல?"

"நீ கேட்கல."

செருப்பால் தரையைத் தேய்த்தாள். பிறகு கையை விரித்துக் காட்டினாள். டிக்கெட்டுகள். மூன்று மதியக் காட்சிக்கு, மூன்று மாலைக் காட்சிக்கு.

"ரெண்டு மிக்ஸி போச்சு," என்றார் கணவர்.

"போகட்டும்ண்ணா," என்றாள் நட்சத்திரம். "அடுத்த கூட்டத்துக்கும் அந்த ஆள் ஒழுங்கா சொல்றானான்னு பார்க்க வேண்டாமா? இந்தத் தடவை மைக்கை நான் பிடிக்கிறேன் அண்ணி."