நாத்தனாரின் புள்ளி

தையல்கடை மாடியில் இருக்கிற குளிர்சாதன அறையில் ஆளுயரக் கணினி அடுக்குகள் உறுமிக்கொண்டு நிற்கும். எங்கோ ஒருவர் 'வானத்தில் இந்த மூலை வேண்டும்' என்று கேட்டால் போதும். தொலைநோக்கி எடுத்தபடியே கிடக்கும் பச்சைப் படங்களைக் கழுவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பளிச்சென்று ஒரே படமாக அனுப்பிவிடும். அந்த அறையைக் கவனித்துக்கொள்கிறவளுக்குத் தெருவில் 'துடைப்பம்' என்று பெயர். வீட்டில் தூசியைக் கண்டால் பொறுக்காத கை, கணினிக்கும் அதே புத்தியைச் சொல்லிக்கொடுத்திருந்தது: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் நட்சத்திரம், ஒன்றில் தலைகாட்டி அடுத்ததில் காணாமல் போனால் குப்பை, கூட்டித் தள்ளு.

அன்று மத்தியானம் அவளுடைய மூத்த நாத்தனார் படியேறி வந்தாள். மருந்துக்கடைக்காரி, ஈயோட்டும் நேரத்தில் வானத்தைத் துழாவுவது பழக்கம். இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்த சங்கதி. கீழே தையல் மிஷின்கள் சட்டென்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டன.

"பச்சைப் படத்துல நான் பாத்துவச்ச என் புள்ளிய, நீ அனுப்புன படத்துல காணோம்."

"தூசியா இருக்கும் அண்ணி. அதான் மிஷின் எடுத்துருக்கு."

"தூசி நேர்கோட்டுல நடந்து போகுமா?"

துடைப்பத்துக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் அந்தப் பச்சைப் படங்களை அழித்து, புதிதாக வருவதற்கு இடம்விட வேண்டும். அழித்துவிட்டால் புள்ளி மெய்யா பொய்யா என்று யாராலும் சொல்ல முடியாது. 'விட்டது தொல்லை' என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தாள். ஆனால் நாத்தனாரின் விரல் திரையில் படத்துக்குப் படம் தள்ளித் தள்ளிப் போனதைப் பார்த்ததும் ஆவல் அரிக்கத் தொடங்கியது.

"நட்சத்திரம் ஒண்ணுமேல ஒண்ணு வர்ற மாதிரிதான் எப்பவும் அடுக்குவேன். புள்ளி ஒண்ணுமேல ஒண்ணு வர்ற மாதிரி நகர்த்தி அடுக்குனா?"

"என் முகத்தை ஏன் பாக்குற? செஞ்சு பாரு."

வரிசையில் இருந்த மற்றவர்களைக் காக்கவைத்துவிட்டு வேலையைக் கொடுத்தாள். அடுக்குகள் மூச்சிரைத்தன. படம் வந்தது. நட்சத்திரங்களெல்லாம் சீப்பால் வாரியதுபோலக் கோடுகோடாக இழுபட்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு புள்ளி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இருக்கு அண்ணி. ஏதோ பாறை, சூரியனச் சுத்திக்கிட்டுப் போகுது."

"நான் என்ன கண்ணு கெட்டவளா?"

"இது மாதிரி இன்னும் எத்தனையக் கூட்டித் தள்ளுனேனோ."

"தேடு. ஆனா கழுவாத படம் வேணுமே."

அங்கேதான் முடிச்சு. இடம் வேண்டும், எதையாவது அழித்தே ஆகவேண்டும். வருகிறவர்களிடம் காட்டிப் பெருமையடிக்க வண்ணவண்ணமாகச் சேர்த்துவைத்திருந்த கழுவிய படங்களைத் திறந்தாள். கழுவினது கேட்டு வாங்கினவர்களிடம் ஒரு பிரதியாவது இருக்கும். பச்சைப்படம் போனால் போனதுதான். எல்லாவற்றையும் அழித்தாள். மனசு வலிக்கத்தான் செய்தது.

கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"அக்கா அங்க வந்தாளாமே? தையல்கடையில சொன்னாங்க. சண்டை ஒண்ணும் இல்லையே?"

"அப்புறம் பேசுறேன்" என்று வைத்தாள். "அண்ணி, அந்த நாற்காலிய இழுத்துப் போடுங்க. அடுத்த மூலை எது?"