இடது கால் கட்டைவிரல்

பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது, என் பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய பஸ் டிரைவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். பொய் சொல்பவர்களை நான் சும்மா விடுவதில்லை. பொய் என் தொழில்.

"எனக்கு பயம் வந்ததுக்குக் காரணம் இருக்கு தம்பி. சின்ன வயசுல ஒரு டாக்டர் என் கடைவாய்ப் பல்லை இழுத்தார். வேர் வந்துக்கிட்டே இருந்துச்சு. இழுத்துக்கிட்டே வாசலுக்குப் போனார், தெருமுனைக்குப் போனார். இழுத்த இழுப்புல என் முழங்கால் தானா மடங்குச்சு. அப்பத்தான் விட்டார்."

டிரைவர் என் முழங்காலைப் பார்த்தார். "அந்த டாக்டர் இப்ப எங்க?"

"உள்ள இருக்கிறவரோட அப்பாதான்."

அவருக்கு வண்டி எடுக்க நேரமாகிவிட்டது.

வரவேற்பில் இருந்த பெண் முறைத்தாள். "தாத்தா, வர்றவங்களையெல்லாம் விரட்டிட்டு, உங்க முறை வந்ததும் நீங்களும் ஓடிடுறீங்க."

"ஓடலம்மா. நடந்துதான் போனேன்."

"துணைக்கு யாராவது வந்திருக்காங்களா?"

"வீட்டுக்காரி வந்துக்கிட்டிருக்கா."

"போன தடவையும் வந்துக்கிட்டுதான் இருந்தாங்க."

அவள் செத்துப்போனதை இந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உயிரோடு இருந்தவரை என் ஒவ்வொரு பல்லுக்கும் கூடவே வந்தாள். தலைமாட்டை டாக்டரும் நர்சும் அடைத்துக்கொள்வார்கள். அவளுக்கு மிஞ்சியது கால்மாடு. என் இடது செருப்பைக் கழற்றி, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் நெளிந்தால் ஓர் அழுத்து. "இன்னும் நல்லாத் திறங்க. வீட்டுல என்கிட்ட இதைவிடப் பெரிசாத் திறப்பீங்களே" என்பாள். டாக்டர் சிரித்து முடிப்பதற்குள் பல் தட்டில் கிடக்கும். எனக்குப் பயம் என்றொன்று இருப்பதே அவள் போன பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை வலி பொறுக்க முடியவில்லை. இரண்டு வாரமாகக் கஞ்சிதான். பெயரைக் கூப்பிட்டார்கள். வாசற்கதவைப் பார்த்தேன்; உள்ளே போனேன்.

நாற்காலி சாய்ந்தது. ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்த பிறகுதான் டாக்டர் என் கால்களைக் கவனித்தார்.

"ஒத்தச் செருப்பை மட்டும் ஏன் கழட்டினீங்க ஐயா?"

அருமையான கதை ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. நாக்குதான் மரத்துப்போயிருந்தது.

குறடு வெளிச்சத்துக்கு வந்தது. கால்மாட்டில் யாருமில்லை. மின்விசிறிக் காற்று கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போனது, மறுபடி வந்தது. நான் வாயை, வீட்டில் திறப்பதுபோலத் திறந்தேன்.