எந்தப் பக்கம்?

சம்பந்தம் பேச வருகிறவர்கள் நேரே வீட்டுக்கு வரலாம். யோகலிங்கத்துக்கு அது சரிப்படவில்லை. "முதல்லை உங்கடை ஹனோவரைச் சுத்திப் பாப்பம் அண்ணை, பிறகு வீட்டை வருவம்" என்று ஜெர்மனியின் இன்னொரு நகரமான பீலெஃபெல்ட்டிலிருந்து போன் எடுத்துச் சொல்லிவிட்டார். அவர் பார்க்க வருவது நகரத்தை அல்ல, என்னை. அது எனக்குத் தெரியும்.

அவருடைய மகன் சேயோனும் என் மகள் ஆதிரையும் ஒன்றாகப் படித்தவர்கள். கல்யாணத்தையும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் ஆதிரை ஒரு பிடிவாதக்காரி. "அவையள் மனம் கோணினா நான் கட்டமாட்டன் அப்பா" என்றாள். ஆகவே வாரம் முழுக்கப் பொதி ஏற்றி இறக்கிய முழங்காலோடு, ஓய்வு நாளில் நான் வழிகாட்டி ஆனேன். சேயோனுக்கு அன்று வேலை. தப்பிவிட்டான்.

ரயில் நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். அதன்மேலேயே நடந்தால் நகர மத்தியில் பார்க்க வேண்டியதெல்லாம் தானாக வந்துவிடும். யோகலிங்கம் கோட்டில் கால் வைத்ததும் தொடங்கினார்.

"அண்ணை எந்த இடம்?"

எங்கள் ஆட்களின் இந்தக் கேள்விக்கு வயது போவதே இல்லை. கடல் கடந்தாலும் கூடவே வந்துவிடும். "மூலன்பேர்க்" என்றேன். "நகரத்தின்ரை கடைசி. அங்கைதான் பின்னேரம் போறம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய மனைவி ஜெயமலர் மட்டும் சிரிக்கவில்லை. புதுச் சப்பாத்து அவருக்குக் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து ட்ராமில் லிஸ்ட் என்ற இடத்துக்குப் போனோம். டாக்டர்மாரும் வக்கீல்மாரும் இருக்கிற பகுதி. உயர்ந்த பழைய வீடுகள், பூ வைத்த பல்கனிகள். யோகலிங்கத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு மரத்தடி வாங்கில் உட்கார்ந்து, "நான் ஊரிலை எந்த இடமெண்டு கேட்டனான்" என்றார். ஊரின் பெயரைச் சொன்னேன். மறைக்க அதில் ஒன்றும் இல்லை. அங்கே எல்லாப் பகுதி ஆட்களும் இருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

"இன்னும் கனதூரமோ?" என்று ஜெயமலர் கேட்டார். வீடு வந்து சேரும்வரை அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

திரும்பவும் ட்ராம் ஏறி லிண்டனில் இறங்கினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், முன்பு தொழிற்சாலை வேலைக்காரர்கள் குடியிருந்த இடம். இப்போது மாணவர்களும் துருக்கிக் கடைகளும் நிறைந்திருக்கின்றன. "அந்தக் காலத்திலை லிஸ்ட் பக்கத்துப் பெரிய மனுசர் ஆத்தைத் தாண்டி இஞ்சாலை வரமாட்டினமாம். பெண் குடுக்கவும் மாட்டினமாம்" என்று என் ஜெர்மன் நண்பன் சொன்னதைச் சொன்னேன்.

"மடையங்கள்" என்றார் யோகலிங்கம். உடனே குரலைத் தணித்து, "உங்கடை ஊர்க் கோயில் எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ட்ராம் வந்து என்னைக் காப்பாற்றியது.

மூலன்பேர்க்கில் எங்கள் வீட்டுக்கு நான்கு மாடி ஏறினோம். லிப்ட் வேலை செய்யவில்லை. உள்ளே என் மனைவி வசுந்தரா காலையிலிருந்து சமைத்த வாசம். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஆதிரை எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். மேசையில் ஐந்து கோப்பைகளை அடுக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். யோகலிங்கம் விடவில்லை.

"கோயிலுக்கு எந்தப் பக்கமெண்டு நீங்கள் சொல்லேல்லை."

ஆதிரை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் இங்கே பிறந்தவள். நகரத்துப் பகுதியை ஜெர்மன்காரன் ஸ்டட்டைல் என்பான். அவளும் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஊரிலையும் ஸ்டட்டைல் இருக்கோ அப்பா? உங்கடை எது? லிஸ்ட் மாதிரியோ, லிண்டன் மாதிரியோ?"

அவள் நக்கலடிக்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். இவ்வளவு காலமும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே எதற்கு அது என்று நினைத்திருந்தேன். இனியும் பூசி மெழுக என்னிடம் தெம்பில்லை. அவளுடைய கல்யாணம் என் நாக்கு நுனியில் நிற்கிறது என்று தெரிந்தும், எனக்கு எல்லாம் அலுத்துப்போயிருந்தது.

"கோயிலுக்குத் தெற்குப் பக்கம்" என்றேன். "மணி நல்லாக் கேக்கும். எங்களை உள்ளுக்கை விடமாட்டினம்."

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது. ஆதிரை என் தோளில் கை வைத்தாள். யோகலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ட்ரெயினுக்கு நேரமாச்சு அண்ணை. சாப்பாட்டுக்கு நிக்க ஏலாது. குறை நினைக்காதேங்கோ. வாரும் ஜெயமலர்."

எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து ஒரு சப்பாத்தைப் போட்டார். தோளில் இருந்த ஆதிரையின் கை இறுகியது.

ஜெயமலர் அசையவில்லை. சிவந்து கன்றியிருந்த தன் குதிக்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கால் உளையுது" என்றார், கணவரைப் பார்க்காமலே. "விடியத் தொடக்கம் இந்தக் கேள்விக்குப் பின்னாலை நடந்து களைச்சுப்போனன். நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் சாப்பிட்டுட்டு வாறன்."

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, முதல்லை குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

யோகலிங்கம் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றார்.