சுவரோரப் பெட்டி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்குபேட்டர் பெட்டிக்குள், மஞ்சள் தொப்பிக் குழந்தை காலை உதைத்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேறொரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். "உடனே வாங்க" என்று மட்டும்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள்.

"நல்லாத்தானே இருக்கா! இதுக்கா இப்படிப் பதற வச்சீங்க?" என்றான், கதவைத் திறந்து வந்த நர்ஸம்மாவிடம்.

அவன் பார்வை போன இடத்தை அவர் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அது உங்க குழந்தை இல்ல தம்பி. உங்களுது உள்ள, சுவரோரப் பெட்டியில. அஞ்சாம் நாளே இங்கருந்து மாத்திட்டோம். சொன்னேனே, தலையாட்டினீங்களே?"

ஆட்டியிருப்பான். யார் எது சொன்னாலும் ஆட்டிவிட்டு, தாய்ப்பால் புட்டியை ஜன்னலில் நீட்டிவிட்டு, கண்ணாடியிடம் போய் நின்றுகொள்வான். உள்ளே போனது ஒரே ஒரு முறை, அதுவும் கை கழுவும் தொட்டி வரைக்கும். முழங்கை வரை மூன்று தடவை தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. இந்தக் கையால் எண்ணூறு கிராம் உயிரைத் தொடுவதா என்று பயந்து திரும்பியவன்தான். குழந்தை பிறந்து பத்தொன்பது நாளாகிவிட்டது.

"இன்ஃபெக்‌ஷன் இருக்கு, இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள். குழந்தை நாளுக்கு நாள் தேறுவதை அவன்தான் கண்ணால் பார்க்கிறானே!

இரண்டு மாடி கீழே, ஆபரேஷன் தையல் ஆறாமல் படுத்திருந்த மனைவியிடமும் அதையே சொன்னான். கொஞ்சம் சேர்த்தும் சொன்னான்.

"இன்னிக்கும் தொட்டேன். விரலைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா."

"உங்க கையைப் பாத்தா லிஃப்ட்டே மிரளும். எம் பொண்ணு மிரளலையா?"

"அப்பன் கைன்னு அவளுக்குத் தெரியும்ல."

"நானும் ஒரு தடவை பாத்துட்டு வரேங்க. வீல்சேர் தரேன்னாங்க."

"தையல் பிரிஞ்சா யாரு பாக்கறது? அவ எங்க ஓடிடப் போறா? ஆறினதும் வந்து ஆசை தீரக் கொஞ்சு."

இது நேற்று. அதற்கு முன்பும் நாலைந்து தடவை கேட்டிருந்தாள்.

"இதயத் துடிப்பு இறங்கிக்கிட்டே வருது" என்றார் நர்ஸம்மா. "அம்மாவைக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பிட்டேன். கை கழுவிட்டு வாங்க."

"சிஸ்டர், இந்தக் குழந்தையைப் பாத்துதான் நான் அவகிட்ட..."

முடிக்காமல் கை கழுவும் தொட்டிக்குப் போனான். மஞ்சள் தொப்பியைக் கண்டதும் வந்த நிம்மதி நெஞ்சில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அதிகம் கூசியது.

சுவரோரப் பெட்டியில், குழாய்களுக்கு நடுவே, இரண்டு வாரமாக அவன் பார்த்தேயிராத ஒரு குழந்தை. காது மட்டும் தெரிந்த காது. மேல்நுனி மடிந்த, மனைவியின் காது.

சக்கர நாற்காலி வந்து நின்றது. மனைவி பெட்டியை எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

நர்ஸம்மா பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டக் கதவைத் திறந்தார். "தொடும்மா."

கையை நீட்டியவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்க மொதல்ல வைங்க. உங்க கைதானே அவளுக்குப் பழக்கம். எங்க தொடணும், எப்படித் தொடணும், எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட வாயைத் திறந்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். மூடிக்கொண்டான்.

"எப்பவும் போல வைங்க" என்றார் நர்ஸம்மா, யாரையும் பார்க்காமல். "தலையில. அழுத்தாம."

கையை உள்ளே விட்டான். இரண்டு விரல் நுனியால் தலையைத் தொட்டான். சூடு பட்டவன்போல் சட்டென்று எடுத்தான். மறுபடி வைத்தான். ஒரு சின்ன எலுமிச்சை அளவுகூட அந்தத் தலை அவன் விரலுக்குக் கனக்கவில்லை. பக்கத்துத் திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

நகர்ந்து இடம் கொடுத்தான்.

அவள் கையை உள்ளே விட்டாள். இரண்டு விரல் நுனியால் தலையைத் தொட்டாள். சட்டென்று எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இப்படித்தானேங்க?"