பின்சில்லு வலை

மனைவி மக்டலின் இறந்து ஐந்து மாதமாகியும் சாந்தரூபன் அவளுடைய லேடிஸ் சைக்கிளில்தான் கீரிக் கிராமத்திலிருந்து, கிளாக்கர் வேலை பார்க்கும் மன்னார் கந்தோருக்குப் போய்வந்தான். முன்னால் கூடை, ஹாண்டிலில் மணி, பின்சில்லில் சேலை சிக்காமலிருக்க ஒரு நைலோன் வலை. இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பிய புதிதில் கடையில் வாங்கிய வலை உப்புக்காற்றில் இற்றுப்போக, அவளே இதைப் பின்னிக் கட்டினாள்.

கரையில் கிழிந்த மீன்வலைகளைப் பொத்துகிறவர்கள் தினமும் கேட்பார்கள்: “என்ன கிளாக்கர் ஐயா, இண்டைக்குச் சாறி உடுக்கேல்லையோ?”

அவளுடைய அண்ணன் பத்திநாதனுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் காலை கத்தியோடு வந்து பின்சில்லருகே குந்தினான். சாந்தரூபன் ஓடிவருவதற்குள் வலை பாதி அறுந்து தொங்கியது.

“ஆம்பிளைக்கு உது என்னத்துக்கு மச்சான்? ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும்.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே கரைக்குப் போனான். சிரித்தவர்களுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்தான்.

“வலை ஊசியும் நூலும் தாங்கோ.”

ஒருவர் நீட்டினார். பட்டம் படித்த கைக்கு முடிச்சு வரவில்லை. போட்டான், அவிழ்த்தான், திரும்பவும் போட்டான். பின்னாலேயே வந்த பத்திநாதன் கையை நீட்டினான்.

“முடிச்சுப் பிழை. தா, நான் பொத்திறன்.”

“அறுத்தது நீ. பொத்திறது நான்.”

கந்தோருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசி முடிச்சு வரை அவன் எழும்பவில்லை. வலையின் கண்கள் கோணலும் மாணலுமாக இருந்தன. ஆனாலும் சில்லை மூடின. ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறினான். கரை முடியும்வரை மணியை அடித்துக்கொண்டே போனான்.